யந்திரம் ஏன் அணைந்தது?

ஒரு யந்திரம் நின்றுபோனால் அதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். "போய்விட்டது, புதிது வாங்கு" என்று சொல்வது ஒரு விதம். "ஏன் நின்றது?" என்று கேட்பது மற்றொரு விதம். முதலாவது பேச்சு வியாபாரிக்கு இலாபமானது. கேட்பவனுக்கும் சிந்திக்கும் சிரமத்தைத் தராது. இரண்டாவது கேள்விக்கோ நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், யந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் உரிமையும் வேண்டும். இம் மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் நம் காலத்தில் மெல்ல மெல்லப் பறிபோய்க்கொண்டிருக்கிறது. ஒரு பழைய மடிக்கணினியை முன்வைத்து இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். இலக்கியப் பத்திரிகையில் கணினிப் பழுதுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். நெல்லைப் பற்றியும் நெசவைப் பற்றியும் எழுதலாமென்றால், இன்று ஆசிரியர்களின் மேசையிலும் மாணவர்களின் மடியிலும் இருக்கும் உழைப்புக் கருவியைப் பற்றி எழுதுவதில் தவறொன்றுமில்லை என்பது என் எண்ணம்.

வலிகாமத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குச் சொந்தமானது அந்தக் கணினி. வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் தாம் பாவித்து முடித்ததைப் பெட்டியிலிட்டு அனுப்பிவைத்தார். இன்று அதற்குப் பத்து வயதுக்கு மேலாகிறது. வந்தபோது அதில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ற் நிறுவனம் அந்தப் பதிப்புக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 ஓடவேண்டுமானால், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வெளிவந்த நுண்செயலியும் பாதுகாப்புச் சிப் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. எங்கள் கணினி அந்த வரிசையில் இல்லை. விசைகள் ஒவ்வொன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன. திரையில் ஒரு கீறல் கிடையாது. எனினும் நிறுவனத்தின் கணக்கில் அது குப்பை. உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருவர் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அதிலே லினக்ஸை நிறுவினார்கள். கட்டாய ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் மீண்டும் வேலைக்குத் திரும்பியதுபோலக் கணினி உயிர்பெற்றது.

அதற்கு நாங்கள் கொடுத்த வேலை இலேசானதன்று. எங்கள் வாசிகசாலை அலுமாரியில் ஆண்டு மலர்கள், சங்க அறிக்கைகள், ஆசிரியர் போராட்டத் துண்டுப்பிரசுரங்கள், நாடகப் பிரதிகள் எனப் பழைய அச்சுத் தாள்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. தாள் மஞ்சளித்துவிட்டது, ஓரங்களைப் பூச்சி தின்றுவிட்டது. இவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. 1981 மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, நூல்களும் சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 அழிந்தன. அதன் பின்னர் வந்த யுத்தமும் இடப்பெயர்வுகளும் வீட்டு அலுமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே கிராமத்து வாசிகசாலையில் தப்பிக் கிடக்கும் ஒரு துண்டுத் தாளும் நமக்கு முக்கியம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005ல் ஈழத்தமிழர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் காட்டிய வழியில், நாங்களும் எங்கள் தாள்களைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றத் தொடங்கினோம்.

படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து தட்டச்சு எழுத்தாக மாற்றித் தருவது டெசராக்ட் என்னும் மென்பொருள். ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1980களில் பிறந்து, பின்னர் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005ல் அதன் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று தமிழையும் அது வாசிக்கிறது. பழைய ஈய எழுத்துக்களில் ணகரத்தையும் னகரத்தையும் சில வேளை குழப்புகிறது. மங்கிய புள்ளியைக் கண்டுகொள்ளாமல் மெய்யெழுத்தை உயிர்மெய்யாக்கிவிடுகிறது. அந்தத் திருத்தம் எங்கள் பிள்ளைகளின் வேலை. ஆனால் யந்திரத்தின் வேலை அதைவிடக் கடினம். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒருமிக்கக் கொடுத்தால் நுண்செயலியின் நான்கு கோர்களும் ஒருங்கே நூற்றுக்கு நூறு வீதம் உழைக்கின்றன.

இங்கேதான் தொல்லை தொடங்கியது. கடிதம் எழுதும்போது, பத்திரிகை வாசிக்கும்போது கணினி நாள் முழுவதும் ஓடும். எழுத்துணரும் வேலையைக் கொடுத்தவுடன் விசிறி இரையத் தொடங்கும். எட்டு நிமிடம், பத்து நிமிடம். பிறகு திரை கறுத்து முழுவதும் அணைந்துபோகும். உடனே திறந்தால் மீண்டும் சீக்கிரமே அணையும். அரைமணி ஆறவிட்டால் முன்போல ஓடும்.

நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மூடியைத் திறக்கவில்லை, கணினியை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போட் போட்டுது. லினக்ஸும் போட்டிருக்கிறியள், சூடு ஏறத்தான் செய்யும்" என்றார். பக்கத்து அலுமாரியில் மினுங்கிய புதிய கணினியின் விலையையும் சொன்னார். 2022ல் இலங்கை ரூபா சில வாரங்களில் டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்தபோது ஏறிய விலைவாசி இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியனின் ஓய்வூதியத்தில் அந்த விலைக்கு எத்தனை மாதம் பட்டினி கிடக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வாசிகசாலையின் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசாதிருப்பதே நல்லது.

நிற்க. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வாடகையும் மின்கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது, ஒரு மணிநேரம் குனிந்திருந்து பழுது பார்ப்பதைவிடப் புதியதை விற்பதே அவருக்குக் கட்டுபடியாகிறது. நோயைச் சோதிக்காமலே தீர்ப்புச் சொல்லும்படி அவரைப் பழக்கியது சந்தை. நாம் மட்டும் அந்தத் தீர்ப்பை வேதவாக்காக ஏற்க வேண்டிய அவசியமில்லை.

எங்கள் வாசிகசாலையில் இந்த வேலைக்குப் பொறுப்பாயிருந்த மாணவி ஒருத்தி, "சேர், அது ஏன் நிண்டதெண்டு அதுவே எழுதி வைச்சிருக்கும். வாசிச்சுப் பாப்பமே?" என்று கேட்டாள்.

லினக்ஸின் கரு தான் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டே போகிறது. ஜேர்னல்-சி-ரி-எல் என்னும் கட்டளையால் அந்தக் குறிப்பேட்டை விரிக்கலாம். முந்திய இயக்கத்தின் பக்கங்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். மரணமடைந்தவனின் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை வாசிப்பது போன்றது அது. குறிப்பு எதுவுமின்றிச் சட்டென்று அறுந்திருந்தால் மின்வழங்கியையோ பற்றறியையோ ஐயுறலாம். நுண்செயலி தன் வன்பொருட் காவலால் தானே துண்டித்துக்கொண்டது என்றும் ஐயுறலாம். எங்கள் கணினியில் அப்படி இல்லை. வெப்பம் எல்லையைத் தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது என்னும் பொருள்பட வரிசை வரிசையாகக் குறிப்புக்கள் இருந்தன. கடைசியில், ஆபத்தான வெப்பநிலை எட்டப்பட்டது, அணைக்கிறேன் என்பது போன்ற ஒரு வரி. அத்துடன் முற்றுப்புள்ளி.

கடையில் கிடைத்த தீர்ப்புக்கும் இந்த வரிக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். யந்திரம் பழுதாகி நிற்கவில்லை. தான் பழுதாகாமலிருக்க, வகுத்துவைத்த ஒழுங்கின்படி, வேலைநிறுத்தம் செய்திருக்கிறது!

இப்படி ஒரு குறிப்பேட்டை எவரும் விரித்து வாசிக்கலாம் என்பது தானாக வந்த சலுகையன்று. 1980ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர், அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியைத் திருத்த விரும்பினார். அதற்குரிய மூலநிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு அவர் மனத்தில் தைத்தது. 1983ல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் ரோவால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய கருவும் இதனோடு சேர்ந்து, நாம் லினக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கும் முறைமை உருவாயிற்று. நமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் வடமராட்சி கிழக்கு உட்பட நமது கரைகளை வாரிக்கொண்டுபோன பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கு இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் சகானா என்னும் திறந்த மென்பொருளைச் செய்தார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. இதனால் லினக்ஸ் உலகத்தைச் சுரண்டலற்ற சொர்க்கமென்று எண்ணிவிட வேண்டாம். இன்று அதன் கருவில் எழுதப்படுவதிற் பெரும்பகுதி பெருநிறுவனங்களிற் சம்பளம் பெறுவோர் எழுதுவதே. அந்நிறுவனங்களின் சேவையகங்களும் அதில்தான் ஓடுகின்றன. ஆயினும் ஏடு திறந்திருக்கிறது. எங்கள் மாணவி அதை வாசிக்க எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

அடுத்து அளந்து பார்த்தோம். கணினிக்குள்ளே சிறுசிறு வெப்பமானிகள் உண்டு; சென்சார்ஸ் என்னும் கட்டளை அவற்றின் எண்களைத் திரையிற் காட்டும். வெளியே அறையின் வெப்பம் 33 பாகை. சும்மா இருக்கும்போதே நுண்செயலி 61 பாகை. நான்கு கோர்களுக்கும் வேலை கொடுத்ததும் இரண்டு நிமிடத்துக்குள் 92. பிறகு 97, 98. வேகம் தானாகக் குறைகிறது. ஆயினும் எண் இறங்கவில்லை. 100 என்று கண்டதும் திரை கறுத்தது. மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பற்றறியில் மட்டும் ஓட்டிப் பார்த்தபோதும் அதே எண்ணில்தான் அணைந்தது. ஆகவே மின்வழங்கி குற்றவாளியன்று. பிறகு அந்தப் பிள்ளை ஒரு மெல்லிய தாள் நறுக்கை விசிறியின் வெளிவாயிலுக்கு முன்னே பிடித்தாள். விசிறி புயல்போல் இரைந்தது, தாளோ அசையவில்லை. காற்று வெளியே வரவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வெப்பம் என்பது ஏதோ வெளியிலிருந்து யந்திரத்தைப் பிடித்த காய்ச்சல் அன்று. 1840களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், நீருக்குள் சுழலும் துடுப்புக்களைக் கொண்டு, செய்த வேலையின் அளவுக்கே வெப்பம் பிறக்கிறது என்று அளந்து காட்டினார். நுண்செயலிக்கு ஊட்டும் மின்சாரமும் அவ்வாறே, எழுத்தை உணர்ந்தாலென்ன, படத்தைக் காட்டினாலென்ன, ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. ஒருகாலத்தில் உறுப்புக்கள் சிறுக்கச் சிறுக்க மின்செலவும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே வந்தது. டெனாட் என்னும் பொறியியலாளரும் அவர் குழுவினரும் 1974ல் விளக்கிய விதி அது. 2005ஐ ஒட்டி அந்த விதி கைவிட்டது. வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போன பந்தயம் வெப்பச் சுவரில் முட்டியது. 2004ல் இன்ரெல் நிறுவனம் அத்தகைய அதிவேக நுண்செயலித் திட்டமொன்றைக் கைவிட்டு, ஒன்றுக்குப் பதிலாகப் பல கோர்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. எங்கள் கணினியின் நான்கு கோர்கள் அந்தத் தோல்வியின் வாரிசுகள்.

வெப்பம் பிறப்பதைத் தடுக்க இயலாது. அதைக் குறைக்கலாம், அல்லது வெளியேற்றலாம். வெளியேற்றுவதற்கு மூடியைத் திறக்க வேண்டும். அதற்கு முன் குறைத்துப் பார்த்தோம். நுண்செயலி அவசரத்தில் தன் இயல்பான வேகத்துக்கு மேலே பாயும் ரேர்போ என்னும் பாய்ச்சலை ஒரு சிறு கட்டளையால் நிறுத்தலாம். நான்கு பக்கங்களுக்குப் பதிலாக ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களை மட்டும் கொடுக்கலாம். இதன் பலன் எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஏனெனில் மின்செலவு வேகத்தோடு மட்டுமன்றி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தையும் அழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், இயக்கத்திற் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிறது. அன்றிரவு எண் 88ஐத் தாண்டவில்லை. வேலை ஆமை வேகத்தில் நடந்தது. ஆனால் விடியும்போது ஓர் ஆண்டு மலர் முழுவதும் எழுத்தாகியிருந்தது. இது காய்ச்சற்காரனின் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது. நோய் உள்ளே அப்படியே இருந்தது.

மூடியைத் திறப்பதற்கு எங்கள் ஊருக்கு அடுத்த சந்தியில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரை நாடினோம். அவருடைய தகப்பனார் வானொலி திருத்தியவர். யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தியவர் என்றால் அதற்கு ஒரு தனிப் பொருள் உண்டு. 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. எரிபொருள், பற்றறி முதலிய எத்தனையோ பொருள்களுக்குத் தடை. அப்போது சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் எழுந்த மின்சாரத்தால் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலைக் காட்டி உயிரூட்டி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் திரியும் இட்ட விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அச்சுத் தாள் கிடைக்காமல், கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை வெளிவந்தது. இவற்றையெல்லாம் இன்று சிலர் பெருமையோடு சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினியின் சமையற் குறிப்புகளைப் பட்டினிக்காகப் பாராட்ட முடியுமா? ஆனால் அந்தக் காலத்தில் எந்தப் பொருளையும் திறந்து, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கும் பழக்கம் குடாநாட்டில் சாதாரணமானவர்களின் சொத்தாக இருந்தது. தடை நீங்கியபின் பொருள்கள் வந்தன, பழக்கம் போய்விட்டது.

அந்த இளைஞரிடம் அது போகவில்லை. கணினியைக் கவிழ்த்து வைத்தார். ஒரு வெள்ளைத் தாளில் அதன் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே வைத்தார்; நீளம் வேறுபட்ட ஆணியை மாற்றி முடுக்கினால் பலகையைத் துளைத்துவிடுமாம். எதையும் தொடுமுன் பற்றறியின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு விசிறியைத் தூக்கி எங்களிடம் காட்டினார்.

"வடிவாய்ப் பாருங்கோ சேர். இது சோளகம் கொண்டுவந்து வைச்சது."

விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே, கம்பளித் துண்டுபோல, செந்நிறமாக ஒன்று அடைத்துக்கிடந்தது. எங்கள் பகுதி செம்பாட்டு மண். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று உழுத தோட்டங்களின் செம்புழுதியை அள்ளிக்கொண்டு வரும். வாசிகசாலை மேசையோ காற்றுக்காகவே சன்னலோரம் போட்டிருந்தது. புழுதியும் பஞ்சும் தலைமயிரும் சேர்ந்து நெய்த அந்தக் கம்பளி, காற்றுவழியை முற்றாக மூடியிருந்தது. கரையோரத்து ஊர்களிலிருந்து வரும் கணினிகளில் புழுதி குறைவு, ஆனால் உப்புக்காற்று உலோகத்தைத் தின்றிருக்கும் என்றார் அவர். குடாநாட்டின் மண் வரைபடத்தை அவர் கணினிகளின் வயிற்றைத் திறந்தே படித்திருக்கிறார்!

தூரிகையால் தகடுகளைத் துடைத்தார். காற்று ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டார்; கட்டற்றுச் சுழன்றால் அதன் அச்சுக் கெட்டுவிடும், மின்சாரமும் பின்னோக்கிப் பாயும். பிறகு வெப்பக்குழாயைக் கழற்றினார். பார்வைக்கு அது தட்டையான ஒரு செப்புக் குழாய். உள்ளேயோ சிறிதளவு நீர். காற்றகற்றிய குழாய்க்குள் இருப்பதால் நுண்செயலியின் பக்கத்தில் குறைந்த வெப்பத்திலேயே அது ஆவியாகிறது. மறுமுனையிலுள்ள தகடுகளில் குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. பம்பி இல்லை, அசையும் உறுப்பு இல்லை. 1963ல் ஜோர்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டியது லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில். அணுகுண்டு பிறந்த அதே இடத்தில். மனித அறிவு ஒரே கூரையின் கீழ் எதையெல்லாம் செய்கிறது!

குழாய்க்கும் நுண்செயலிக்கும் நடுவே பூசப்பட்டிருந்த பசை சுண்ணாம்புபோல் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு மழமழப்பானாலும் இடையே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குழிகள் இருக்கும். காற்று வெப்பத்தைக் கடத்தாது. அக்குழிகளை நிரப்புவதே அந்தப் பசையின் வேலை. பழையதை மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, ஒரு நெல்மணி அளவு புதிய பசையை வைத்து, எதிரெதிர் ஆணிகளை மாறிமாறி முடுக்கினார். முழு வேலையும் ஒன்றேகால் மணி நேரம். பசையின் விலையோடு அவர் வாங்கிய கூலி, கடையிற் சொன்ன புதிய கணினியின் விலையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்று சொன்னேன். "தூசு தட்டினதுக்கு என்னத்தை வாங்கிறது சேர்?" என்றார். தன் கண்ணையும் கையையும் பத்து ஆண்டுப் பயிற்சியையும் அவர் கூலிக் கணக்கிற் சேர்ப்பதேயில்லை. நமது பட்டறைத் தொழிலாளிகள் எல்லோரிடமும் உள்ள குறை இது. சான்றிதழ் தொங்கும் சுவருக்கு நாம் கொடுக்கும் கூலியைக் கைத்திறனுக்குக் கொடுத்துப் பழகவில்லை.

லினக்ஸ் போட்டால் சூடேறும் என்ற கடைக்காரரின் பேச்சில் உண்மையின் ஒரு துளி இல்லாமலில்லை. சில கணினிகளில் படங்களைத் திரையிலிடத் தனி வரைகலைச் செயலி ஒன்று உண்டு. அதை இயக்கும் முறையைத் தயாரிப்பாளர் மறைத்துவைத்தால், லினக்ஸால் அதை உறங்கவைக்கவும் இயலாது, ஒழுங்காக வேலை வாங்கவும் இயலாது. அது வீணே கொதித்துக்கொண்டிருக்கும். 2012ல் பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழக மேடையொன்றில் லினஸ் ரோவால்ட்ஸ் என்விடியா நிறுவனத்தைப் பகிரங்கமாகத் திட்டியது இத்தகைய ஒத்துழையாமைக்காகத்தான். 2022ல்தான் அந்நிறுவனம் தன் இயக்கிகளில் கருவோடு சேரும் பகுதியைத் திறந்தது. எங்கள் கணினியிலும் விசிறி எப்போது எவ்வளவு வேகமாகச் சுழலவேண்டும் என்று தீர்மானிப்பது, தயாரிப்பாளர் பூட்டிவைத்த ஒரு சிறு நிரல். அதன் உள்ளே லினக்ஸும் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே குற்றம் திறந்த ஏட்டினுடையதன்று, மூடிய பக்கத்தினுடையது. கம்பெனியின் இரகசியம் கடைசியில் பாவிப்பவனின் மடியைச் சுடுகிறது.

அன்று மாலையே நான்கு கோர்களுக்கும் முழு வேலை கொடுத்துப் பார்த்தோம். எண் 79ல் நின்றது. தாள் நறுக்கு இம்முறை படபடவென்று அடித்துக்கொண்டது. மேசையைச் சன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளினோம். காற்று அடியிலிருந்து புக இடம் வேண்டுமென்று இரண்டு பனஞ்சிலாகைகளை வெட்டி, அவற்றின்மேல் கணினியை வைத்தோம். சோளகம் தொடங்குமுன் ஒருமுறையும் ஓய்ந்தபின் ஒருமுறையும் விசிறியைத் துப்புரவு செய்வதென்று வாசிகசாலை வேலை அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தது. பொறுப்பு அந்த மாணவிக்கு. அவள் தனக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் மூவருக்குத் திருகாணித் தாள் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

மூன்று இரவுகளில் 640 பக்கங்கள் எழுத்தாயின. நான் நன்றி சொல்லப் பட்டறைக்குப் போனபோது, அந்த இளைஞரின் மேசையில் வேறொரு கணினி கவிழ்ந்து கிடந்தது; சாதாரணத் திருப்புளி எதற்கும் பொருந்தாதபடி ஐந்து இதழ்ப் பள்ளம் வைத்த ஆணிகளால் மூடப்பட்டிருந்தது. அவர் பழைய திருப்புளி ஒன்றின் நுனியை அராவிக்கொண்டிருந்தார்.

"திறக்கிறதுக்கெண்டு பூட்டேல்லை சேர், இதை. கொஞ்சம் இருங்கோ, திறந்திடும்."